காணி நிலத்தில் தண்ணீர் இறைப்பது யார்?

தமிழ்நாட்டில் 2018இல் வந்த ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில், 'இயற்கை' என்ற இயலில், பாரதியின் 'காணி நிலம்' இருக்கிறது. பதினொரு வயதுப் பிள்ளைக்குக் கனவு உலகம் என்ற ஒன்றை அறிமுகப்படுத்த இதைவிடப் பொருத்தமான பாட்டு அரிது. அதில் தத்துவம் கிடையாது. நிலம், மாளிகை, கேணி, தென்னை, நிலா, குயில், தென்றல் என்று கண்ணாலும் காதாலும் அறிந்த பொருள்களை வைத்தே கவிஞர் தன் உலகத்தைக் கட்டிவிடுகிறார். தாமஸ் மோர் 1516இல் 'யுடோபியா' எழுதியபோது அவருக்கு ஒரு தீவும் ஒரு முழுப் புத்தகமும் தேவைப்பட்டன. பாட்டுக்குச் சில அடிகள் போதும். பிள்ளை அதை மனத்தில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கே போய்விடும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 'எப்படிப்பட்ட உலகம் நல்ல உலகம்' என்ற கேள்வியைப் பாட்டின் வழியாகக் கொண்டுபோவது சரியான வழி என்றே நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அந்த வழியில் நாம் பாதிதூரம்கூடப் போவதில்லை.

முதலில் அதன் பலத்தைச் சொல்ல வேண்டும். நான் பார்த்த ஒரு வகுப்பில் ஆசிரியர் பாட்டைப் படித்து முடித்ததும், ஆளுக்கொரு 'வேண்டும்' சேர்க்கச் சொன்னார். முதலில் விமானம், ஐபோன், ஏசி போட்ட வீடு என்று வந்தது. வகுப்பே சிரித்தது. பிறகு ஒரு சிறுமி, "உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிற குளியலறை வேணும் டீச்சர்" என்றாள். அடுத்த பெஞ்சிலிருந்து ஒரு பையன், "எங்கம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது லீவு வேணும்" என்றான். அதற்குப்பின் யாரும் விமானம் கேட்கவில்லை. 'என் கனவு இந்தியா' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தால் இந்த இரண்டு பதில்களும் வந்திருக்காது. வல்லரசும் விண்கலமும்தான் வந்திருக்கும். பாட்டு சின்ன ஆசைகளைக் கூச்சமின்றி அடுக்கிக் காட்டியதால்தான் பிள்ளைகளும் தங்கள் சின்ன ஆசைகளை வாய்விட்டுச் சொன்னார்கள்.

பெரும்பாலான வகுப்புகளில் நடப்பது வேறு. சொல்லும் பொருளும், பிரித்து எழுதுக, மனப்பாடம் என்று வரிசையாக முடிந்துவிடுகிறது. பாரதி வேண்டுவன யாவை என்று கேட்டால், பிள்ளை பொருள்களை வரிசை பிசகாமல் எழுதி மதிப்பெண் வாங்கிவிடும். கனவு மளிகைச் சீட்டாகிவிடுகிறது. இயற்கை என்ற தலைப்பின்கீழ் வைத்ததாலும் ஒரு சேதம்: நிலாவும் குயிலும் இருப்பதால் இது இயற்கைப் பாட்டாகிப் போனது. நல்வாழ்வு எது என்று ஒரு மனிதர் யோசித்திருக்கிறார் என்ற செய்தி பின்னால் போய்விட்டது.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. பாடநூலில் பாட்டு தென்றலோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பின்னும் பாரதி கேட்கிறார்: துணைவி, அவளோடு கூடி விளையும் கவிதைகள், பராசக்தியின் காவல். கடைசியாக, தன் பாட்டின் வலிமையால் இந்த உலகத்தையே காக்க வேண்டும் என்கிறார். அதுவரை தனக்காக ஒரு வேலிக்குள் கேட்டவர், வேலியைத் தாண்டுவது அந்த இடத்தில்தான். பிள்ளைகளின் வயதையும் பக்க அளவையும் கருதி வெட்டியிருக்கலாம். ஆனாலும் அந்த வெட்டில், உலகத்துக்கான ஒரு வேண்டுதல் சொந்த வீட்டுக்கான வேண்டுதலாகச் சுருங்கிவிட்டது.

அடுத்து, கேட்கப்படாத கேள்விகள். ஒரு காணி என்பது ஏறத்தாழ 1.32 ஏக்கர். அதில் மாளிகை கட்டப்போகிறவர் யார்? கேணியில் தண்ணீர் இறைப்பது யார்? பத்துப் பன்னிரண்டு தென்னையில் ஏறித் தேங்காய் பறிப்பது யார்? இப்படிக் கேட்பது பாரதியைக் குறைத்துப் பேசுவதாகாது. புதுச்சேரியில் விளக்கெண்ணெய்ச் செட்டியார் வீட்டில் வாடகைக்கு இருந்து, வாடகை பாக்கியோடு வாழ்ந்த கவிஞர் மாளிகை கேட்டதன் நியாயம், அந்த வறுமையைச் சொன்னால்தான் பிள்ளைக்குப் புரியும். ஆனால் வேலை யாருடையது என்ற கேள்வியைப் பாட்டு தானாகக் கேட்காது. மோர் தன் தீவில் நாளுக்கு 6 மணி நேரம்தான் வேலை என்று கணக்கே எழுதிவைத்தார். பாட்டின் இயல்பு அது அல்ல. விருப்பத்தை ஏந்தி வரும், ஏற்பாட்டைச் சொல்லாது. அதைச் சொல்லவைப்பது ஆசிரியரின் வேலை.

இந்த இடத்தில் ரவிதாசரின் 'பேகம்புரா' பாட்டைப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். காசியில் தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்தவர்; அவருடைய இந்தப் பாட்டு குரு கிரந்த சாகிபில் சேர்க்கப்பட்டிருக்கிறது. துயரமில்லாத ஓர் ஊரைப் பாடுகிறார். அங்கே வரி இல்லை, இரண்டாம் மூன்றாம் தர மக்கள் என்று யாரும் இல்லை, விரும்பிய இடத்துக்கு யாரும் நடந்துபோகலாம், தடுப்பார் இல்லை. நிலாவையும் தென்றலையும் கேட்க நேரமில்லாத கனவு இது. நடந்துபோவதை ஒருவர் ஏன் கனவில் கேட்கிறார் என்று ஏழாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காகவே போராட்டம் நடந்ததையும் பெரியார் அதில் சிறை சென்றதையும் அப்போது சொன்னால், அது வரலாற்றுப் பாடத் தேதியாக நிற்காது. கனவு எதுவானாலும் அதற்குள் ஒரு குறிப்பிட்ட இல்லாமை இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் இரண்டு பாட்டுகளையும் சேர்த்துப் படிக்கும்போது தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

சினிமாப் பாட்டையும் ஒதுக்கக் கூடாது. அதே ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாட்டு இருக்கிறது. வழி ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. 1965இல் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்.ஜி.ஆர். சவுக்கோடு பாடும் வாலியின் பாட்டை எடுத்துக்கொள்வோம். ஏழைக்குத் துன்பமில்லாத உலகம்தான் அங்கேயும். ஆனால் அது ஒருவர் ஆணையிட்டால் வரும் உலகம். பாரதிதாசன் புதிய உலகம் படைக்கப் புறப்படும்போது 'நாம்' என்கிறார். பாரதி தெய்வத்திடம் கேட்கிறார். நல்ல உலகத்தை யார் கொண்டுவருவார்கள் என்பதற்கு மூன்று பாட்டிலும் மூன்று பதில். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு பாடவேளை போதும். அதே நேரம் எச்சரிக்கையும் வேண்டும்: மெட்டு பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விடும். கைதட்டிப் பாடி முடித்த வகுப்பில், பாடியது சரிதானா என்று கேட்பது எளிதல்ல. பாட்டை ஒலிக்கவிடுவதற்கு முன் ஒருமுறை வெறும் சொற்களாக வாசிப்பது நல்லது.

அமெரிக்கப் பள்ளிகளில் இதே வயதுப் பிள்ளைகளுக்குக் கனவு உலகம் தனிப் பாடமாகவே பல இடங்களில் நடக்கிறது. ஜான் லெனனின் 1971ஆம் ஆண்டுப் பாட்டான 'இமேஜின்' அதில் அடிக்கடி இடம்பெறும். அதைத் தொட்டுவிட்டு லோயிஸ் லவுரியின் 'தி கிவர்' நாவலுக்குப் போவார்கள். 1993இல் வந்த அந்த நாவலில் வலியில்லாத சமுதாயம் ஒன்று, நிறத்தையும் நினைவையும் அன்பையும் சேர்த்தே இழந்து நிற்கிறது. கேள்வி கேட்கக் கற்றுத்தருவதில் அது நல்ல பாடம். ஆனால் கனவை அறிமுகப்படுத்திய கையோடு அது கெடுவதையும் காட்டிவிடுவதால், நல்ல உலகம் என்று யார் பேசினாலும் அதில் சூது இருக்கும் என்ற எண்ணத்தோடு பிள்ளை வெளியே வரக்கூடும். பன்னிரண்டு வயதில் அந்த அவநம்பிக்கை வேண்டாம். நம் வகுப்பில் சந்தேகம் வருவதே இல்லை. அங்கே அது முந்திக்கொள்கிறது.

இரண்டுக்கும் நடுவே கம்பர் இருக்கிறார். நாட்டுப்படலத்தில் கோசலத்தைச் சொல்லும்போது, அங்கே வறுமை இல்லாததால் கொடை இல்லை, பகை இல்லாததால் வீரம் இல்லை, பொய் இல்லாததால் மெய் என்று தனியே ஒன்று இல்லை என்கிறார். புகழ்ச்சிதான், சந்தேகமில்லை. ஆனால் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொள்வார்கள்: "அப்போ அந்த ஊர்ல யாருக்கும் உதவி செய்ய முடியாதா சார்?" கனவைக் கெடுக்காமலே கனவின் விலையைக் கேட்கும் கேள்வி அது. அதற்காக முழு நாவல் தேவையில்லை.

இந்த முறையில் எனக்குக் கவலை தரும் இடமும் உண்டு. இல்லாமையைக் கேட்டால் பிள்ளையின் வீட்டு வறுமை வகுப்பு நடுவில் வந்து நின்றுவிடும். தாழ்ப்பாள் கேட்ட சிறுமி அன்று துணிந்தாள்; எல்லாப் பிள்ளைக்கும் அது முடியாது, முடிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. அதனால் முதலில் பாரதியின் இல்லாமை, ரவிதாசரின் இல்லாமை என்று தொடங்க வேண்டும். பிள்ளைகளுடையதைப் பெயரில்லாத துண்டுத்தாளில் எழுதி வாங்கலாம், எழுதாமலும் விடலாம். அதற்கு மதிப்பெண் போடக் கூடாது. மதிப்பெண்ணுக்கு வேறு கேள்வி இருக்கிறது: பாரதியின் காணி நிலத்தில் அவரைத் தவிர இன்னும் யாரெல்லாம் இருந்தாக வேண்டும், அவர்களுக்கு அங்கே என்ன கிடைக்கும்?