தண்ணீர் படாத கடிகாரம்

ராயபுரத்தில் எனக்கு ஒரு சிநேகிதர். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அண்மையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, பீரோவிலிருந்து ஒரு பழைய கைக்கடிகாரத்தை எடுத்து என் கையில் வைத்தார். ஃபேவர் லூபா கம்பெனியின் 'டீப் புளூ'. கடலில் மூழ்குகிறவர்களுக்கென்றே 1960-களில் செய்தது. அந்தச் சமயம் பார்த்து அவர் சம்சாரம் தண்ணீர் கொண்டு வந்தார்கள். சிநேகிதர் பதறிவிட்டார்: "ஜாக்கிரதை சார், ஈரம் படப் போகிறது!"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் பயம் நியாயமானதுதான். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் வயதாகிக் காய்ந்துவிட்டால், கடலுக்கென்று பிறந்த கடிகாரம் குழாய்த் தண்ணீரைக்கூடத் தாங்காது.

இந்த ஜாதிக் கடிகாரங்களில் பேர்போன ஒன்று 1953-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தது. பிளான்பேன் கம்பெனி அதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'ஐம்பது பாகம்'. காசிமேட்டு மீனவருக்கு விளக்கவே வேண்டாம். இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு பாகம். ஐம்பது பாகம் என்பது சுமார் 91 மீட்டர். டயலைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, இறங்கி எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று பார்ப்பார்கள். கணக்குத் தப்பினால் மூச்சுக்குக் காற்று இராது. இன்று அந்த வேலையைச் சின்னக் கம்ப்யூட்டர் செய்துவிடுகிறது.

வேலை போன சாமானுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? முதல் காரணம் அருமை. வாங்கியவர்கள் கொஞ்சம், அவர்களும் உப்பிலும் பாறையிலும் போட்டு உழைத்துத் தேய்த்தார்கள். இரண்டாவது காரணந்தான் விசித்திரம். வெயிலில் கறுப்பு டயல் பழுப்பாகியிருந்தால் விலை ஏறும். நம் ஊர் ரிப்பேர்க் கடைக்காரர் சிரத்தையோடு மெருகேற்றி, புது டயல் எழுதிக் கொடுத்தாரோ, விலை விழுந்தது! கீறலுக்கும் காசு, கீறலை மறைத்தால் நஷ்டம்.

யாரோ பட்ட ஆபத்தை நாம் நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறோம். இதைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. சாய்வு நாற்காலியில் இருப்பவருக்குப் புயலும் கப்பலும் எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். பிறர் வாழ்வின் தழும்பைத் தொட்டுப் பார்க்கும் ஆசை கெட்ட ஆசையும் அல்ல. ஆனால் அந்தத் தழும்பு தூர தேசத்தாருடையதாக இருந்தால்தான் நமக்கு இனிக்கிறது என்பதுதான் என் குறை.

சிநேகிதரிடம் கேட்டேன்: "உங்கள் தகப்பனாரும் துறைமுகத்தில்தானே இருந்தார்? அவர் கடிகாரம் எங்கே?"

"எச்.எம்.டி. சார். கிரேனிலேயே இருபது வருஷம் கட்டியிருந்தார். ஒரே கீறல், கண்ணாடிகூட மங்கிப் போச்சு. அவர் காலமான பிறகு பழைய சாமான்காரனிடம் போட்டுட்டேன்."

சொல்லிவிட்டு அவர் தம் கையிலிருந்த கடிகாரத்தின் கீறல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.