வேட்டித் திரைக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர்கள்

போன ஏப்ரலில் வீடு மாறிய நண்பர் ஒருவர், தன் டவர் ஸ்பீக்கர் ஜோடியை மூன்று வாரம் என் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். என் பைக்கின் விலையைப் போல மூன்று மடங்கு. "பிடிச்சிருந்தா நீங்களே வச்சுக்கங்க, பாதி குடுத்தாப் போதும்" என்றார். என்னிடம் இருப்பது எட்டு வருடப் பழைய சின்ன புக்‌ஷெல்ஃப் ஜோடி. முதல் நாள் ராத்திரியே இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) போட்டேன். பேஸ் கிதார் தரையோடு அதிர்ந்தது. மொட்டைமாடிக்குத் தட்டோடு பதிக்க ஒதுக்கிய பணத்தை எடுத்துவிடலாம் என்று முடிவே கட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில்தான் புத்தி வந்தது. ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட சோதனை நினைவுக்கு வந்தது. ஹார்மன் நிறுவனத்தின் 40 ஊழியர்கள் ஒரே ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டும் கேட்டார்கள், திரைக்குப் பின்னாலும் கேட்டார்கள். கண்ணுக்குத் தெரிந்தபோது பெரிசுக்கும் அழகுக்கும் மார்க் ஏறியது, சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்கு இறங்கியது. திரை விழுந்ததும் அந்த இடைவெளி சுருங்கிப்போனது. தினமும் ஆடியோவோடு புழங்கும் ஆட்களுக்கே இந்தக் கதி என்றால் நான் எம்மாத்திரம்?

இங்கேதான் ஸ்பீக்கர் விமர்சனங்கள் மேல் எனக்குக் கோபம். பழைய ஸ்பீக்கரைக் கழற்றி, புதுசை மாட்டி, அதே வால்யூமில் கேட்டு "ஒரு திரையே விலகியது" என்று எழுதிவிடுகிறார்கள். புதுசின் சென்சிட்டிவிட்டி நாலு டெசிபல் அதிகமாக இருந்தால் அது சத்தமாகத்தான் கேட்கும். சத்தமானது காதுக்கு நல்லதாகவே படும். மதுரைக்காரனுக்குச் சென்சிட்டிவிட்டி பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சித்திரையில் மைக் செட்காரர் கட்டும் குழாய் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில், நூறு டெசிபலுக்கு மேல் கத்தும். 85 டெசிபல் ஹைஃபை பெட்டி அந்தச் சத்தத்தைத் தர 30 மடங்குக்கு மேல் பவர் வேண்டும். 1946-இல் பால் கிளிப்ஷ் செய்த கிளிப்ஷார்னும் இதே குழாய்த் தத்துவம்தான், மரப்பெட்டிக்குள் மடித்து வைத்தது. நம்மூர்க் குழாய் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே கையை விரித்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம் (விலையில் இருக்கும் வித்தியாசத்தைப் பேச வேண்டாம்).

இரண்டாவது கோபம், அறையைப் பற்றிப் பேசாதது. வெளிநாட்டு விமர்சகர் பலரும் மரச் சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த அறையில் உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சுவர் லேசாக அதிர்ந்து பேஸில் கொஞ்சத்தை விழுங்கும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் அப்படி எதையும் விழுங்காது. என் அறை 14 அடிக்கு 12 அடி. மதுரை வெயிலில் ஒலியின் வேகம் விநாடிக்கு 352 மீட்டர் என்று வைத்தால், 14 அடி நீளத்தில் முதல் ஒத்ததிர்வு 41 ஹெர்ட்ஸில் விழுகிறது. டவர் அந்த 41-ஐத் தாராளமாகக் கொட்டும், என் சின்னப் பெட்டிக்கு அங்கே போக வலுவில்லை. முதல் நாள் நான் கேட்டு மயங்கியதில் பாதி கிதார், பாதி என் வீட்டுச் சுவர்.

சோதனையைச் செய்தே பார்த்தேன். பிங்க் நாய்ஸ் போட்டு, மைக் வைத்து, இரண்டையும் அரை டெசிபலுக்குள் சமமாக்கினேன். முன்னால் எட்டு முழ வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டினேன். ஒற்றை இழைப் பருத்தி, ஒலியைப் பெரிதாக மறிக்காது. கேட்டது என் மனைவி, மகள், பக்கத்து வீட்டு அண்ணன், நான். நான் கேட்கும்போது மகள் மாற்றினாள். டி.எம்.எஸ். பாட்டுகளை ஒரே ஒரு ஸ்பீக்கரில் வைத்தோம். மோனோ பதிவு என்பதால் மட்டுமில்லை, ஒற்றை ஸ்பீக்கரில் குறை இன்னும் தெளிவாகத் தெரியும் என்பது டூல் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம்.

திரை இல்லாமல் நால்வரும் டவருக்கே ஓட்டு. திரை போட்டதும் மூன்று பேர் சின்னப் பெட்டிக்கு மாறினோம். "இதுல வார்த்தை நல்லா வெளங்குது" என்றார் அண்ணன். மகள் மட்டும் டவரை விடவில்லை. நாலு பேர் வைத்து ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் செலவாகப்போவது என் பணம், கேட்கப்போவது இந்த அறை, அதற்கு இது போதும்.

விமர்சனங்களில் வரும் "கறுப்பான பின்னணி" பற்றியும் ஒரு வார்த்தை. மே மாதம் மதுரையில் ஃபேனை அணைத்துவிட்டு யாராவது கேட்டுக் காட்டட்டும்.

அப்புறம் இலவம்பஞ்சு மெத்தை இரண்டை மூலையில் நிறுத்திப் பார்த்தேன். கை தட்டினால் வரும் எதிரொலி அடங்கியது. 41 ஹெர்ட்ஸ் அசையவில்லை. அசையாதுதான், அதன் கால் அலைநீளமே இரண்டு மீட்டருக்கு மேல், நாலு அங்குல மெத்தை என்ன செய்யும்? நாற்காலியைப் பின்சுவரிலிருந்து ஐந்தடி முன்னால் இழுத்தபோது அந்த மேடு ஏழு டெசிபல் இறங்கியது. செலவு பூஜ்யம். வீட்டில் நடக்க வழியில்லை என்ற புகார் மட்டும் இருக்கிறது.

டவர் நண்பரிடமே திரும்பிப் போய்விட்டது. அவருடைய புது ஹால் 22 அடி நீளம், ஒரு பக்கம் முற்றத்துக்குத் திறந்தது. போன வாரம் அங்கே போய்க் கேட்டேன். அதே டவர், அதே ஆல்பம், பிரமாதமாக இருந்தது. பொறாமையாகத்தான் இருக்கிறது.