நடுக்கோட்டுக்குத் திரும்பும் கலை: கபடி ரைடரை ரசிப்பது எப்படி?

கபடி பார்க்க வருபவர்களில் பெரும்பாலோர் ரைடர் எதிரணிக் களத்துக்குள் நுழையும் வேகத்தையும் அவருடைய கை யார்மீது படுகிறது என்பதையும் மட்டுமே கவனிக்கிறார்கள்; ஆனால் அவருடைய தரமும், பல ஆண்டுகள் நீளும் அவருடைய ஆட்டவாழ்வின் கணக்கும், தொட்ட பிறகு நடுக்கோட்டுக்குத் திரும்பும் அந்தச் சில அடிகளில்தான் அடங்கியிருக்கின்றன. ரைடர் என்பவர் ‘கபடி கபடி’ என்று மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு, ஏழு பேர் வரை காத்து நிற்கும் எதிர்ப்பாதிக்குள் தனியே போய், யாரையேனும் தொட்டுவிட்டுப் பிடிபடாமல் வரவேண்டியவர். பொங்கலையும் கோயில் கொடையையும் ஒட்டித் தாமிரபரணிக் கரை ஊர்களில் நடக்கும் மின்னொளி கபடிப் போட்டிகளுக்குச் செல்பவர், களத்தின் பக்கவாட்டில் நடுக்கோட்டுக்குச் சற்றுத் தள்ளி இடம் பிடிப்பது நல்லது. அங்கிருந்து பார்த்தால்தான் முகங்களுக்குப் பதில் கால்கள் தெரியும், கபடியில் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் கால்களே.

ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தள்ளி இருப்பது பாக் கோடு. யாரையும் தொடாத ரைடர் இதையாவது ஒருமுறை தாண்டிவிட்டுத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் அவர் அவுட். அதற்கும் ஒரு மீட்டர் அப்பால் இருப்பது போனஸ் கோடு. எதிரணியில் ஆறு பேரோ ஏழு பேரோ இருக்கும்போது இதைத் தாண்டினால் யாரையும் தொடாமலே ஒரு புள்ளி கிடைக்கும். ஆனால் முன்கால் கோட்டுக்கு அப்பால் தரையைத் தொடும் அந்தக் கணத்தில் பின்கால் அந்தரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. எதிரணி கார்னர், அதாவது வரிசையின் கோடியில் நின்று கணுக்காலுக்குக் குறிவைக்கும் தடுப்பாட்டக்காரர், பாய்வதும் அதே கணத்தில்தான். உடலின் எடை முழுவதும் ஒற்றைக் காலில், அதுவும் எதிரியின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் காலில் நிற்க, அந்தக் காலையே உந்தி நாலேமுக்கால் மீட்டர் பின்வாங்க வேண்டியிருப்பதால், ஆரவாரமில்லாத இந்த ஒரு புள்ளியை எடுக்கும் விதத்திலேயே ஒரு ரைடரை எடைபோட்டுவிடலாம்.

பிடிபட்டுவிட்டாலும் ரைடு முடிந்துவிடுவதில்லை. கணுக்காலை ஒருவர் பற்ற, தொடையை இன்னொருவர் கட்ட, மூன்றாமவர் மேலே விழ, அவர்களையும் இழுத்துக்கொண்டு ஊர்ந்து வரும் ரைடர், மூச்சு விடாமல் ஒரு விரல்நுனியை நடுக்கோட்டுக்கு இப்பால் வைத்துவிட்டால், தொட்டவர், பிடித்தவர் அத்தனை பேரும் அவுட். உலகின் வேறு ஆட்டங்களில் இதற்கு நெருங்கிய இணை, அணிக்குப் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக்கில் விங்கர் எனப்படும் ஓரத்து ஓட்டக்காரருடைய வேலை. எல்லைக்கோட்டை ஒட்டி ஓடிவரும் அவர், இடித்துத் தள்ளப்படும்போது உடல் முழுதும் களத்துக்கு வெளியே காற்றில் மிதந்தாலும், தரையில் படுவதற்கு முன் ஒற்றைக் கையால் பந்தை மூலைக்குள் ஊன்றிவிட்டால் புள்ளி அவருடையது. இரண்டு ஆட்டங்களிலும், உடல் தோற்ற பிறகும் கை ஜெயிக்க இடமிருக்கிறது.

லாபியையும் தெரிந்துகொள்ள வேண்டும். களத்தின் இருபக்கமும் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஓடும் இந்தப் பட்டை, தொடுதலோ பிடித்தலோ நிகழ்ந்த பிறகுதான் களத்தோடு சேரும். அதற்கு முன் அதில் கால் வைக்கும் ரைடர் அவுட். ஹாங்சோ ஆசிய விளையாட்டின் இறுதிப் போட்டியில், 2023 அக்டோபரில், இந்தியாவும் ஈரானும் 28-28 என்று நின்றபோது, இந்திய ரைடர் பவன் செராவத் யாரையும் தொடாமல் லாபிக்குள் போக, அவரைத் துரத்திய ஈரான் ஆட்டக்காரர்களும் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டார்கள். ரைடர் மட்டும் அவுட்டா, தொடர்ந்து வந்தவர்களும் அவுட்டா என்ற தகராறில் ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்று, பிறகு 33-29 என்று இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்தது. ஒரு மீட்டர்ப் பட்டையின் அருமை தெரியாதவருக்கு அன்று நடந்தது வெறும் கூச்சல்தான்.

ஆட்டத்தை ரசிப்பது ஒன்று, ஆட்டவாழ்வை ரசிப்பது இன்னொன்று. இந்த இரண்டாவதற்குத் தாமிரபரணிக் கரையிலேயே பாடம் இருக்கிறது. ஆறு கடலை நெருங்கும் பகுதியில், 1986-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள மணத்தி என்ற சிற்றூரிலிருந்து வந்த ரைடர் கணேசன், ஊர்ப்பெயரோடு சேர்த்து மணத்தி கணேசன் என்றே அறியப்படுபவர். சேரன்மகாதேவி சன் பேப்பர் மில் அணிக்கும் பின்னர் தமிழ்நாடு மின்வாரிய அணிக்கும் ஆடிய அவர், 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்று, 1995-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் பெற்றார். இந்த வரிசையில் பதக்கத்தைவிட உற்றுப் பார்க்க வேண்டியவை ஆலையும் வாரியமும்தான். ஏலமும் ஒப்பந்தமும் இல்லாத அந்தக் காலத்தில் ஒரு ரைடரின் ஆட்டவாழ்வு என்பது, எந்த நிறுவனம் அவருக்கு வேலை கொடுத்து அணியில் சேர்த்துக்கொண்டது என்பதன் வரலாறு. மாதச் சம்பளம் வந்ததால்தான் பயிற்சிக்கு நேரம் வந்தது. கணேசன் ஆடிய ஆண்டுகள், தென்மாவட்டங்களைச் சாதி மோதல்கள் உலுக்கிய ஆண்டுகளாகவும் இருந்தன. அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் இயக்கி 2025 அக்டோபரில் வெளிவந்த ‘பைசன் காளமாடன்’ திரைப்படம் இந்தப் பின்னணியை முன்னால் நிறுத்திக் காட்டியது. படத்தைப் பார்த்துக் கபடிக்கு வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: திரையில் மெதுவாக விரியும் கணுக்கால் பிடி, களத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

ரக்பி லீக் பிறந்த கதையும் சம்பளக் கதையே. வட இங்கிலாந்தின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தவர்களுக்கு, ஆட்டத்துக்காக இழந்த கூலியை ஈடுசெய்யும் உரிமை மறுக்கப்பட்டதால், 1895-இல் 22 கிளப்புகள் பழைய சங்கத்தை விட்டு வெளியேறின. அந்தப் பிரிவிலிருந்து வளர்ந்ததே இந்த ஆட்டம். வேல்ஸின் கார்டிஃப் துறைமுகப் பகுதியில் பிறந்த கறுப்பினத்தவரான பில்லி பாஸ்டன், நிறவேற்றுமையால் தம்மைப் போன்றவர்களுக்கு உள்ளூர் ரக்பியில் வழி குறுகியிருந்த காலத்தில், 1953-இல் வடக்கே விகன் கிளப்பில் சேர்ந்து, விங்கராக அந்தக் கிளப்புக்கு மட்டும் 478 ட்ரை, அதாவது எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றுதல்கள், எடுத்தார். இந்த ஆட்டத்திலிருந்து ‘சர்’ பட்டம் பெற்ற முதல் ஆளாக அவர் ஆனது 2025-இல். கூலியும் பிறப்பும் யாருக்குக் களத்தைத் திறந்தன, யாருக்கு மூடின என்று கேட்காமல் எந்த ஓட்டக்காரரின் வாழ்வும் முழுதாகப் புரிவதில்லை.

கபடியிலோ, ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்கும் புரோ கபடி லீக் 2014-இல் தொடங்கிய பிறகு கணக்கு மாறியது. ஒரு ரைடு 30 நொடி. தொடர்ந்து இரண்டு ரைடு வெறுமையாக முடிந்தால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ரைடர் அவுட். கைகோத்து நிற்கும் தடுப்புச் சங்கிலிக்கு அடியில் குனிந்து நழுவும் ‘டுப்கி’யால் பெயர்பெற்ற ஹரியானாவின் பர்தீப் நர்வால், 2017 பருவத்தில் மட்டும் 369 ரைடு புள்ளிகள் எடுத்தார், 2025 ஏலத்தில் அவரை எடுக்க எந்த அணியும் முன்வரவில்லை, அதோடு ஓய்வை அறிவித்தார். மின்வாரிய வேலை ஆட்டம் முடிந்த பிறகும் தொடரும்; ஏலத்தொகை முழங்காலோடு முடிந்துவிடும். பழைய முறைக்காக ஏங்க வேண்டியதில்லை என்றாலும், இந்த வேற்றுமையை மறந்து கோடிகளை மட்டும் எண்ணுவது அரைகுறை ரசனை.

ஆட்டவாழ்வின் பிற்பகுதியில் இருக்கும் ரைடரைப் பார்ப்பதில் தனிச் சுவை உண்டு. இளமையில் ஓடிக்கொண்டே கையால் தொட்டுவிட்டுப் பறந்தவர், வேகம் குறைந்ததும் களத்தின் நடுவில் நின்று தோளை ஆட்டி, கார்னரின் கண்ணை ஒரு பக்கம் இழுத்து, கால்நுனியை மறுபக்கம் நீட்டிப் போனஸைப் பொறுக்கிக்கொள்வார். முதுகைக் காட்டாமல், எதிரணியைப் பார்த்தபடியே பின்னடி வைத்துத் திரும்புவார். கூட்டம் சலித்துக் கைபேசியை எடுக்கும் இந்த ரைடுகளில்தான் அனுபவம் வேலை செய்கிறது. எதிரணியில் ஐந்து பேருக்கு மேல் இல்லை என்றால் போனஸும் இல்லை. அப்போது கேப்டன் இளையவரை அனுப்ப, மூத்தவர் தம் பக்கத்துக் கார்னரில் குனிந்து நின்றுகொள்வார்.