பாண்டிக்குப் பக்கத்துல

உலகத்தின் ‘கூல்’ ஆன நகர்ப்பகுதிகள் என்று ‘டைம் அவுட்’ இதழ் 2018-லிருந்து ஒரு பட்டியல் போட்டுவருகிறது. 2025-ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் டோக்கியோவின் ஜிம்போச்சோவுக்கு. சென்னையில் வேலை பார்க்கும் நண்பன் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “பழைய புத்தகக் கடைத் தெருடா. உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு” என்றான். அடுத்த செய்தி: “உங்க ஊர்ல இப்படி ஒரு ஏரியா இருந்தா சொல்லு. இந்த வீக்கெண்டு வரேன்.”

யோசிக்காமல் பதில் போட்டேன். “எங்க ஊர்ல என்னடா இருக்கு. பாண்டிக்குப் பக்கத்துல, அவ்ளோதான்.”

பிறந்து படித்தது திண்டிவனம், இப்போது இருப்பது விழுப்புரம். இரண்டிலிருந்தும் பாண்டி சுமார் 40 கிலோமீட்டர்தான். கல்லூரி ஹாஸ்டலில், முதல் வேலையில், ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடம் என்று எத்தனையோ பேருக்கு இந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது உறுத்தியது. சொந்த ஊரை இன்னொரு ஊருக்கான வழிக்குறிப்பாக மட்டும் சொல்ல நான் எப்போது பழகினேன்? அந்த உறுத்தலோடு பட்டியலைத் திரும்ப வாசித்தேன், ஒரு கதையை வாசிப்பதுபோல. இந்தக் கட்டுரை அந்த வாசிப்பு.

*

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். பழைய பயணக் கையேடுகள் கோட்டை, கோயில், அருங்காட்சியகம் என்று நம்மைக் கூட்டிப்போகும். இந்தப் பட்டியல் தெருவுக்குள் கூட்டிப்போகிறது. முதலிடம் பிடித்த ஊர்களைப் பாருங்கள். 2018-ல் மாட்ரிட்டின் எம்பஹாடோரெஸ், 2019-ல் லிஸ்பனின் அரோயோஸ், 2021-ல் கோபன்ஹேகனின் நோரெப்ரோ. மூன்றுமே அரண்மனைப் பக்கம் இல்லை. உழைப்பாளிகளும் வெளிநாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்களும் குடியிருந்த இடங்கள். ஒரு காலத்தில் ‘அந்தப் பக்கம் போகாதே’ என்று சொல்லப்பட்ட தெருக்களை ‘அந்தப் பக்கம் போய்ப் பார்’ என்று ஒருவர் சொல்வது சின்ன விஷயம் இல்லை.

சிக்கல் இதன் மொழியில் இருக்கிறது. இந்த வகை எழுத்தில் எப்போதும் நிகழ்காலம்தான். காலையில் இங்கே காபி, மதியம் இங்கே சாப்பாடு, சாயங்காலம் இந்தக் கடை, ராத்திரி இந்த இசை. ‘நீங்கள்’ மட்டுமே நடமாடுகிறீர்கள். கடைக்காரர் வருகிறார், ஆனால் கடையைப் பூட்டிவிட்டு அவர் எங்கே தூங்கப் போகிறார் என்பது வருவதில்லை. வாடகை எவ்வளவு, போன வருஷம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. உழைப்பாளிகள் வாழ்ந்த லண்டன் பகுதிகளுக்குள் வசதியானவர்கள் வந்து நிரம்ப, பழைய குடிகள் வெளியேறுவதைப் பார்த்து ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் 1964-லேயே அதற்கு ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்று பெயர் வைத்துவிட்டார். ஒரு பகுதி கூல் ஆவதற்கும் அங்கே பிறந்தவர் அங்கேயே இருக்க முடியாமல் போவதற்கும் நடுவில் பல நேரங்களில் சில வருஷங்கள்தான் இருக்கின்றன.

ஜிம்போச்சோ பற்றி எனக்குப் பிடித்த தகவல் ஒன்று உண்டு. அங்கே புத்தகக் கடைகள் பெரும்பாலும் சாலையின் தெற்குப் பக்கம், வடக்கு பார்த்து நிற்கின்றன. வெயில் நேராக விழுந்தால் புத்தகம் வெளுத்துவிடும் என்பதால். ஜப்பானின் பெரிய பதிப்பகமான இவானாமி 1913-ல் அங்கே ஒரு பழைய புத்தகக் கடையாகத்தான் தொடங்கியது. ஒரு தெரு எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதை அங்கே செய்யப்படும் தொழில் முடிவுசெய்திருக்கிறது. இந்த மாதிரி ஒரு வாக்கியம் போதும், எனக்கு அந்த இடம் பிடிபட்டுவிடும். இதைத் தெரிந்துகொள்ள அங்கே காபி குடிக்க வேண்டியதில்லை.

*

நம் பக்கத்தில் அந்தப் பட்டியல் மொழிக்குள் முழுதாகப் போய்விட்ட இடம் ஒன்று உண்டு, பாண்டியின் ஒயிட் டவுன். வெள்ளிக்கிழமை ராத்திரி திண்டிவனத்தில் நின்று பார்த்தால் தெரியும். சென்னையிலிருந்து 120 கிலோமீட்டர் வந்த கார்கள் வரிசையாக இடது பக்கம் பாண்டி ரோட்டில் திரும்பும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதே கார்கள் திரும்பி வரும். சின்ன வயசில் நாங்கள் அந்த கார்களை எண்ணி விளையாடுவோம். ஒன்றுகூட எங்களுக்காக நின்றதில்லை, டீக்குத் தவிர.

மஞ்சள் சுவர், காகிதப் பூ, பிரெஞ்சுப் பெயர்ப்பலகை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகுக்கு வயசு எவ்வளவு? 1761 ஜனவரியில் ஆங்கிலேயர்கள் பாண்டியைப் பிடித்து, கோட்டையையும் ஐரோப்பியர் பகுதியையும் இடித்துத் தள்ளினார்கள். இன்று நாம் படம் எடுக்கும் ஊர் 1765-க்குப் பிறகு மறுபடி எழுந்தது. அந்த ஊரை நடுவில் பிளந்துகொண்டு ஒரு சாக்கடை ஓடுகிறது. ஊர்க்காரர்களுக்கு அது பெரிய வாய்க்கால். கிழக்கே கடற்கரையை ஒட்டி வெள்ளையர், மேற்கே தமிழர். ஒயிட் டவுன் என்ற பெயரே அந்தப் பிரிவினையின் பெயர்தான். சென்னையில் இதற்கு ஜோடியாக இருந்த ‘பிளாக் டவுன்’ ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறிவிட்டது. கறுப்பு என்ற சொல் கூச்சத்தைத் தந்தது, வெள்ளை தரவில்லை. இன்று அதே சொல் ஓட்டல் விளம்பரத்தில் அழகாக உட்கார்ந்திருக்கிறது.

என் சித்தப்பா பதினாறு வருஷமாக அந்தத் தெருக்கள் ஒன்றில் ஒரு விடுதியில் வேலை செய்கிறார். விழுப்புரத்திலிருந்து விடியற்காலைப் பாசஞ்சர். வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் என்று நின்று நின்று போகும். ஒரு தடவை அவரிடம், “தினமும் அந்த அழகான தெருவுல நடக்குறீங்களே சித்தப்பா, எப்படி இருக்கும்?” என்று கேட்டேன்.

“முன்னாடி தெருவா? அதுல எனக்கு என்னடா வேல? நாங்க பின்பக்கச் சந்து வழியாத்தான் போவோம். அங்க மஞ்சக் கலர்லாம் கெடையாது, சிமெண்டுதான்.”

குறையாக அவர் இதைச் சொல்லவில்லை. வழி கேட்டவனுக்கு வழி சொல்கிற குரலில் சொன்னார்.

இந்தப் பின்பக்கச் சந்தைப் பாண்டியின் சொந்த எழுத்து எப்போதோ பார்த்துவிட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை எழுதிய நாட்குறிப்பு நம் கையில் இருக்கிறது. அவர் ஒரு பெரிய வணிகர், துய்ப்ளேக்ஸின் துபாஷி. புரட்சிக்காரர் இல்லை, சாதிப் பெருமை நிறைந்தவர். ஆனாலும் காதில் விழுந்ததை எழுதிவைக்கும் பழக்கம் அவரை நல்ல சாட்சியாக்கிவிட்டது. 1745-ல் பாண்டி மாதா கோவிலுக்குள் சாதிக் கிறித்தவர்களையும் சேரியிலிருந்து வந்த கிறித்தவர்களையும் பிரித்து நின்ற ஒரு சுவரைப் பற்றி எழுதுகிறார். நாங்களும் ஒரே வேதத்தைச் சேர்ந்தவர்கள்தானே என்று சேரி மக்கள் போய்க் கேட்கிறார்கள், சுவர் இடிக்கப்படுகிறது, சாதிக் கிறித்தவர்கள் கொதிக்கிறார்கள். கிட்டத்தட்ட 280 வருஷத்துக்கு முந்தைய ஒரு நகர்ப்பகுதி வர்ணனை இது. யார் எந்தப் பக்கம் நிற்கலாம், யார் போய்க் கேட்டார்கள், கேட்டதும் என்ன நடந்தது எல்லாம் அதில் இருக்கிறது.

பிரபஞ்சன் இந்த நாட்குறிப்பை எடுத்துத்தான் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ இரண்டையும் எழுதினார். இரண்டாவதுக்கு 1995-ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அவற்றில் நீளம் உண்டு, சில இடங்களில் நாட்குறிப்பின் பாரம் கதையை இழுத்துப்பிடிக்கிறது. ஆனாலும் கவர்னர் மாளிகையில் நடப்பதற்கு ஈடாக வேலைக்காரர்களும் தாசிகளும் சிப்பாய்களும் பேசிக்கொள்வதற்கு அவர் இடம் கொடுத்தார். நான் ஒயிட் டவுனுக்குப் போவதற்கு முன்பே அந்த நாவல்களைப் படித்துவிட்டேன். அதனால்தானோ என்னவோ, அந்த மஞ்சள் சுவர்கள் முன்னால் செல்ஃபி எடுக்க எனக்குக் கை வரவே இல்லை.

*

இப்போது சொல்லுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

புதுச்சேரி என்றால் என்ன? புதிய சேரி. அதாவது புதிய குடியிருப்புப் பகுதி. சேரி என்ற சொல்லில் ஒரு காலத்தில் எந்த அசிங்கமும் இல்லை. திண்டிவனத்துக்கு வடக்கே இருக்கும் உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டு எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். பத்தாம் நூற்றாண்டில், பராந்தகச் சோழன் காலத்தில் வெட்டியது. முப்பது குடும்புகளும் பன்னிரண்டு சேரிகளும் அதில் வருகின்றன. உத்திரமேரூர் பிராமணர்களின் ஊர். அவர்கள் சேரிகளில்தான் வாழ்ந்தார்கள், அந்தச் சொல்லால் யாரும் கூசவில்லை.

பிறகு அந்தச் சொல்லை ஊரிலிருந்து பிரித்து, ஊருக்கு வெளியே தள்ளி, தள்ளப்பட்டவர்கள் தலையில் கட்டினோம். ‘ஊரும் சேரியும்’ என்று ஆனது. அந்தப் பிரிவு வெறும் சொல்லோடு நின்றுவிடவில்லை. 1978 ஜூலையில் இதே விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. விழுப்புரத்துக்குக் குடிவந்த பிறகு ஒரு பெரியவர் மார்க்கெட் பக்கம் நடக்கும்போது குரலைத் தாழ்த்தி, “இங்கதான் தம்பி ஆரம்பிச்சுது” என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

சேரி வசைச்சொல்லாக ஆனதும் ‘காலனி’ வந்தது. அதுவும் சில பத்தாண்டுகளில் அதே பொருளுக்கு இறங்கியது. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில், காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். சரியான முடிவுதான். இனி அறிவிப்புப் பலகையில் பெயர் மாறும்.

இங்கே ஒரு வேடிக்கை. 2022-ல் டைம் அவுட் பட்டியலில் முதலிடம் பிடித்தது மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்தில் இருக்கும் ‘கொலோனியா அமெரிக்கானா’. மெக்சிகோவில் கொலோனியா என்றால் நகர்ப்பகுதி, அவ்வளவுதான். நம் காலனியும் அந்தக் கொலோனியாவும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. அங்கே அது உலகத்தின் முதலிடம். இங்கே அதை முகவரியில் எழுத ஒரு பையன் கூச்சப்படுகிறான், எழுதினால் வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று பயப்படுகிறான். சேரி பாண்டியின் பெயருக்குள் இருந்தால் வீக்கெண்டு, விழுப்புரத்துக்குள் இருந்தால் குரலைத் தாழ்த்த வேண்டும்.

நம் ஊர்களில் “எந்த ஏரியா?” என்பது அப்பாவியான கேள்வி இல்லை. ஊர்ப் பெயர் சொன்னதும் “அங்க எந்தத் தெரு?” என்று அடுத்த கேள்வி வரும். கேட்பவருக்கு வேண்டியது தெரு இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கூல் பட்டியலின் அடிப்படை நம்பிக்கை ஒன்றுதான்: எந்தத் தெருவிலும் யாரும் நடக்கலாம். நம் ஊரைப் பற்றி எழுதும் யாரும் அந்த நம்பிக்கையோடு தொடங்க முடியாது. என்னுடைய ‘பாண்டிக்குப் பக்கத்துல’ என்ற பதில் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. ஊர் சின்னது என்ற வெட்கம் கொஞ்சம்தான். இரண்டாவது கேள்வி வராமல் தடுக்கிற தந்திரம் அதைவிட அதிகம்.

*

அப்படியானால் விழுப்புரத்தைப் பற்றி, திண்டிவனத்தைப் பற்றி எப்படி எழுதுவது? வழி காட்டியவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். விழுப்புரத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்த பழமலய் 1988-ல் ‘சனங்களின் கதை’ போட்டபோது, தன் சொந்த சனங்களை அவர்கள் பேச்சிலேயே கவிதைக்குள் உட்காரவைத்தார். திண்டிவனம் ரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளி நடக்கிறது. உலகப் பட்டியலில் வராது. ஆனால் அந்தத் தெருவை அறிய நான் அங்கேதான் தொடங்குவேன்.

விழுப்புரத்துக்கு என்று ஒரு வாரமும் உண்டு. சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு முன்னால் நாடெங்கும் இருந்து திருநங்கைகள் இங்கே வந்து கூடுவார்கள். லாட்ஜுகள் நிரம்பிவிடும். அழகிப் போட்டி, கருத்தரங்கு, பாட்டு. பஸ் ஸ்டாண்டு பக்கம் பட்டுப்புடவையும் மல்லிகையுமாக அவர்கள் கூட்டம் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு நடப்பார்கள். தங்கள் ஏரியாவில் நடப்பதுபோல. ஒரு நகர்ப்பகுதி கூல் என்றால் எனக்கு அதுதான். அந்த வாரம் முடிந்ததும் அதே சாலையில் ஒரு திருநங்கை தனியாக நடந்தால் என்ன பேச்சு விழும் என்பதையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஒரே பத்தியில் எழுத முடிந்தால்தான் அது ஊரைப் பற்றிய எழுத்து.

நண்பனுக்கு மறுபடி செய்தி போட்டேன். “வா. ஆனா வீக்கெண்டு வேணாம். ஒரு செவ்வாய்க்கிழமைக்கு லீவு போட்டு வா. விடியகாலைல பாண்டி பாசஞ்சர்ல ஏறுவோம். சித்தப்பா இருப்பாரு. வில்லியனூர் தாண்டுற வரைக்கும் அவர் பேச ஆரம்பிக்க மாட்டாரு, அவசரப்படுத்தாத.”

“பாண்டில எங்க இறங்கணும்?” என்று கேட்டான்.

“எறங்குற எடத்த அவர்கிட்டயே கேளு” என்று போட்டேன்.