வேற்று நிறத்தார் வீட்டில் வளர்ந்த பிள்ளைகள்

பம்பாயில், தாதர் ரயில் நிலையத்தின் மேற்குப் புறத்துப் பூ மார்க்கெட்டில், ஒரு விடியற்காலை சாமந்திக் குவியல்களுக்கிடையே நான் நின்றிருந்தபொழுது, மாநிறமும் அடர்ந்த கருங்கூந்தலுமாய் நம் வீட்டுப் பெண் போலவே இருந்த ஒருத்தியிடம் பூக்காரி முதலில் மராத்தியிலும், பதில் வராதது கண்டு பிறகு தமிழிலும் விலை சொன்னாள். இரண்டும் விளங்காத அப்பெண், கைக்குழந்தையாய் இந்நகரிலிருந்து ஐரோப்பாவுக்கு ஸ்வீகாரம் போனவள் என்று உடன் வந்தவர் எடுத்துச் சொன்னதும், “எங்க வளர்ந்தா என்னம்மா, முகம் நம்ம முகமாச்சே” என்று பூக்காரி ஒரு முழம் மல்லிகையைக் காசு வாங்காமல் அவள் கையில் வைத்தாள். அந்த வாத்ஸல்யம் உண்மையானது. ஆனால் இங்கே உறவு கொண்டாடச் செய்த அதே முகந்தான், அவள் வளர்ந்த ஊரில், “உனக்கு எந்த ஊர்?” என்ற கேள்வியை ஓயாமல் எழுப்பியிருக்கும் என்ற எண்ணமே இவ்விஷயம் பற்றிய நூல்களை என்னைத் தேடச் செய்தது.

ஆதியில் பேசியவர்கள் பெரியவர்களே. கலப்பினக் குழந்தைகளை ஸ்வீகார ஸ்தாபனங்கள் ஏற்க மறுத்த காலத்தில், இந்தியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்த ஒரு சிசுவின் நிமித்தமாகவே எழுத்தாளர் பேர்ல் பக் 1949-ல் ‘வெல்கம் ஹவுஸ்’ என்ற இல்லத்தைத் தொடங்கினார். 1972-ல் அமெரிக்கக் கறுப்பினச் சமூகப் பணியாளர் சங்கம், கறுப்புக் குழந்தைகளை வெள்ளையர் வீட்டில் சேர்ப்பதை வன்மையாக எதிர்த்தது, அதில் நியாயமுண்டு. நம் நாட்டில், வெளிநாட்டு ஸ்வீகாரங்களில் நடந்த முறைகேடுகளைக் குறித்து வக்கீல் லட்சுமி காந்த் பாண்டே 1982-ல் எழுதிய கடிதமே வழக்காகி, 1984-ல் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி பகவதி, குழந்தைக்கு முதலில் இந்தியப் பெற்றோரையே தேடவேண்டும் என்று தீர்ப்பளித்தார். இலங்கை முதலிய நாடுகளிலிருந்து குழந்தைகளைத் தருவித்ததில் நேர்ந்த அக்கிரமங்கள் விசாரணையில் வெளிப்பட்டதும், 2021-ல் நெதர்லாந்து அரசு புதிய வெளிநாட்டு ஸ்வீகாரங்களை நிறுத்திவைத்தது.

பிள்ளைகளின் குரல் பிற்பாடே கேட்டது. நாசிக் பிரதேசத்தில் 1967-ல் பிறந்து, பம்பாய்க் கன்னிமாடமொன்றில் வளர்ந்து, 1974-ல் பார்ஸிலோனாவில் ஒரு கத்தலானியக் குடும்பத்தின் மகளான ஆஷா மிரோ, 1995-ல் திரும்பி வந்து தம் பிறப்பைத் தேடியதை ‘கங்கையின் புதல்வி’ என்று பொருள்படும் நூலில் எழுதினார். அடுத்த பயணத்தில் அவர் கண்டெடுத்த தமக்கையின் பெயரும் ஆஷாவே.

இதனினும் சிக்கலானது, பிறப்பிலேயே இரண்டு இனங்களைச் சுமந்து வந்த பிள்ளையின் கதை. ஸ்காட்லாந்துத் தாய்க்கும் நைஜீரியத் தந்தைக்கும் 1961-ல் பிறந்து, வெள்ளைக்காரத் தம்பதிகளின் மகளாய் வளர்ந்த கவிஞர் ஜாக்கி கே, 1991-ல் வெளியிட்ட முதல் தொகுதியில், பெற்றவள், வளர்த்தவள், மகள் ஆகிய மூவர் பேச்சையும் மூன்று தனித்தனி அச்செழுத்துக்களில் அமைத்தார். பேசுவது யார் என்பதை எழுத்தின் வடிவமே சொல்லிவிடுகிறது. ஒருத்தி பேசும்பொழுது மற்ற இருவரும் அதே பக்கத்தில் காத்திருக்கிறார்கள். ஆராய்ச்சியாளர்களின் பெரிய கிரந்தங்களை விட இந்த அச்சமைப்பு எனக்கு அதிகம் கற்பித்தது. 2010-ல் வெளிவந்த சுயசரிதையிலோ, தேடிக் கண்ட தந்தை, தம் பழைய பாவத்தின் உருவாக மகளை எண்ணி, ஹோட்டல் அறையில் நெடுநேரம் ஜெபித்ததைக் கசப்பின்றி எழுதுகிறார். வளர்த்தவர்களின் அன்பில் ஊன்றி நின்றதாலேயே அவரால் அப்படி எழுத முடிந்தது என்பது என் அபிப்பிராயம்.

தமிழராகிய நமக்கு மிக நெருங்கிய அத்தியாயம் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நிகழ்ந்தது. வறுமையாலும், பெண் மகவு வேண்டாமென்ற மனப்பான்மையாலும், சீனப் பஞ்சாங்கத்துப் புலி வருஷத்தில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாள் என்ற நம்பிக்கையாலும் சீனப் பெற்றோர் கொடுத்துவிட்ட சிசுக்களைத் தமிழ்க் குடும்பங்கள் வாங்கி வளர்த்தன. பாவாடை தாவணியும் பொட்டும் பூவுமாய், வீட்டில் தமிழன்றி வேறறியாது வளர்ந்த அப்பெண்கள் தமிழரை மணந்தபொழுது, அவர்களுடைய பிள்ளைகள் மறுபடியும் இரண்டு இனங்களின் நடுவே பிறந்தார்கள். இவ்வாறு வேற்று வீட்டில் வளர்ந்த பெண்களைப் பற்றித் தெரெஸா தேவசகாயம் ‘லிட்டில் டிராப்ஸ்’ என்ற நூலை எழுதியிருக்கிறார். அது ஆங்கிலத்தில் இருக்கிறது.

அப்பெண்களில் பலர் இன்று எழுபதும் எண்பதும் கடந்தவர்கள். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் உள்ள தமிழ் எழுத்தாளர்கள், அந்தப் பாட்டிமாரின் எதிரே தாமதியாமல் சென்று உட்கார்ந்து, அவர்கள் சொல்வதை அவர்கள் பேசும் தமிழிலேயே எழுதிக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.