அடுப்பும் ஆலயமும்

மம்சாபுரத்தில் வாழும் நமக்குத் திருவில்லிபுத்தூர் அண்டை ஊர். மார்கழி விடியலில் திருப்பாவை கேளாத செவி இப்பகுதியில் அரிது. அதன் 30 பாடல்களில் 6 முதல் 15 வரையிலான 10 பாடல்கள் உறங்கும் தோழியரை வாசல்தோறும் சென்று எழுப்புகின்றன. கண்ணனைக் காணும் ஆவல் பொங்கி நிற்கும்போதும் ஆண்டாள் தனியே விரையவில்லை. நூலில் மூன்றில் ஒரு பங்கைப் பிறரை அழைத்துச் செல்வதற்கே செலவிடுகிறார். பக்தியின் இலக்கணம் இதுவன்றோ!

ஆண்டாள் எழுப்பியது தோழியரை. முன்பின் அறியாதவரின் பசிக்கும் கதவு திறந்தவர் இராமலிங்க அடிகள். வடலூரில் 1867 மே 23 அன்று தருமச்சாலையைத் தொடங்கி, சாதி சமயம் பாராது சோறிட அடுப்பு மூட்டினார். சத்திய ஞான சபையில் வழிபாடு தொடங்கியது 1872இல். முதலில் சோறு, பின்னரே வழிபாட்டிடம். இந்த வரிசையிலேயே அவருடைய இறையியல் அடங்கியுள்ளது என்போம். அவ்வடுப்பு இன்றும் அணையாது எரிகிறது.

இவ்விரு அளவுகோல்களையும் கொண்டு நம் செபக் குழுக்களை நோக்குவோம். 1967இல் அமெரிக்கக் கத்தோலிக்கரிடையே தோன்றிய அருங்கொடை இயக்கம் பலரை விவிலியத்தின்பால் திருப்பியது. அந்நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நம் சாட்சியங்களைச் சற்றே செவிமடுப்போம்: என் நோய் தீர்ந்தது, என் மகனுக்கு வேலை கிடைத்தது, எனக்கு அமைதி வந்தது. திருப்பாவை 'நாம்' என்று பேசுகிறது. நம் சாட்சியங்களோ 'நான்' என்பதைத் தாண்டுவதில்லை. கொரிந்தியருக்கு எழுதிய பவுல், அருங்கொடைகளைப் பட்டியலிட்ட கையோடு அன்பினைப் பற்றிய அதிகாரத்தை எழுதியது காரணமின்றி அன்று.

குற்றம் இறைமக்களுடையது மட்டுமன்று. ஒருமுறை முழு இரவுச் செபத்தை முடித்து மனநிறைவோடு திரும்பினோம். கோவிலுக்கு அடுத்த தெருவில் நோயுற்றுக் கிடந்த மூதாட்டிக்கு இரண்டு நாள்களாகக் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லை என்பதை அதன்பிறகே அறிந்தோம். அவர் எந்தக் குழுவிலும் இல்லை. ஆகவே எவர் நினைவிலும் இல்லை. நல்ல சமாரியன் உவமையில் விலகிச் சென்ற குருவைப் பற்றி எத்தனை முறை பீடத்திலிருந்து பேசியிருப்போம்! அன்று அந்தக் குரு நாமே.

அடுத்த செபக் கூட்டத்திற்குப் புறப்படுமுன் ஒரு வாசலையேனும் தட்டுவோம். தேவையெனில் அங்கே அடுப்பும் மூட்டுவோம். கூட்டத்திற்குச் சற்றுப் பிந்திச் சென்றாலும் ஆண்டவர் பொறுத்துக்கொள்வார்.