மோதிரம் பொய்த்த மறுநாள்

மாப்பசான் என்னும் பிரெஞ்சு எழுத்தாளரை நம் வாசகர்களுள் பலர் பள்ளியின் ஆங்கிலப் பாடநூலில் வந்த ஒரு கதையின் வழியாகவே அறிந்திருப்பர். 1884ஆம் ஆண்டு வெளிவந்த ‘கழுத்தணி’ என்னும் அச்சிறுகதையைப் படித்துவிட்டு, ஆடம்பரம் அழிவைத் தரும் என்று தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெற்றவர்கள் நம்மிடையே உண்டு. நாமும் அவ்வாறு எழுதியதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அக்கதையையும், அதற்கு முந்திய ஆண்டில் அவரே எழுதிய ‘நகைகள்’ என்னும் கதையையும் ஒரே இரவில் அடுத்தடுத்துப் படித்தபோது, அன்று எழுதிய விடை சரிதானா என்னும் ஐயம் எழுந்தது. அந்த இரவில் நம்மைப் படிக்கத் தூண்டியது இலக்கிய ஆர்வமன்று, ஒரு மோதிரம்.

நாம் முன்னர்ப் பணியாற்றிய பங்கொன்றில் நடந்தது இது. ஒப்புரவு அருள்சாதனத்தில் கேட்டதன்று. தொடர்புடைய இருவரும் எழுதலாம் என்று சொன்ன பிறகே எழுதுகிறோம். நிச்சயதார்த்தம் முடிந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. இரண்டு ஞாயிறுகளில் ஓலை வாசித்தாகிவிட்டது. விரலில் மோதிரம் தளர்வாக இருக்கிறதென்று அதன் அளவைக் குறைக்க மணப்பெண் நகைக்கடைக்குச் சென்றார். கடைக்காரர் முத்திரையைத் தேடினார், இல்லை. உரைகல்லில் உரைத்துப் பார்த்தார். முலாம் பூசிய கவரிங் என்றார். மேலிருந்த கல்லும் வைரமன்று. ‘அமெரிக்கன் டைமண்ட்’ என்று கடைகளில் விற்கும் செயற்கைக் கல். அன்று மாலையே தாய்மாமன் அப்பெண்ணை அழைத்துக்கொண்டு அறைவீட்டுக்கு வந்துவிட்டார். மூன்றாம் ஓலையை வாசிக்கக் கூடாது என்பது அவர் கோரிக்கை. நெடுநேரம் அவரே பேசினார். பெண் இறுதியில் சொன்னது ஒன்றுதான்: “கவரிங் என்று சொல்லியே போட்டிருந்தால் நான் வேண்டாம் என்றிருக்க மாட்டேன், சாமி. நான்கு மாதமாக என் தோழிகள் கையைப் பிடித்துப் பார்த்துப் பார்த்து வியந்தார்களே, அப்போதெல்லாம் அவர் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றாரே, அதுதான்.”

‘கழுத்தணி’யை எடுத்துக்கொள்வோம். கல்வி அமைச்சகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் லுவாசேலின் மனைவி மத்தில்டு, விருந்தொன்றுக்கு அணிந்துசெல்லத் தோழி திருமதி ஃபோரெஸ்தியேயிடம் வைரக் கழுத்தணி ஒன்றை இரவல் வாங்குகிறாள், அன்றிரவே தொலைத்துவிடுகிறாள். தோழியிடம் உண்மையைச் சொல்லக் கணவன் மனைவி இருவருக்கும் நா எழவில்லை. அதைப் போன்ற வேறொன்றை 36,000 பிராங்கு கொடுத்து வாங்கித் திருப்பித் தருகின்றனர். அதில் பாதி, கணவனின் தந்தை விட்டுச்சென்ற பணம், மறுபாதி கடன். கடனை அடைக்கப் பத்தாண்டுகள் ஆகின்றன. பாத்திரம் துலக்கியும் தண்ணீர் சுமந்தும் அவள் முதுமை எய்துகிறாள். பின்னொரு நாள் பூங்காச் சாலையில் தோழியைக் கண்டு நடந்ததைச் சொல்லும்போது, தொலைந்த நகை 500 பிராங்குக்கு மேல் பெறாத போலி என்று தெரிகிறது. அத்தோடு கதை முடிகிறது.

இக்கடைசி வரியின் அதிர்ச்சியைப் பாராட்டுவது வழக்கம். நமக்கோ அவ்வதிர்ச்சியே கதையின் குறையெனத் தோன்றுகிறது. பத்தாண்டு உழைப்பும் வீண் என்னும் எண்ணத்தை ஆசிரியர் நம்முள் விதைத்துவிட்டுச் சட்டெனக் கதவைச் சாத்திவிடுகிறார். அவ்வுழைப்பு வீண்தானா? நகை போலி, ஆனால் பட்ட கடன் போலியன்று, அதை ஒரு பிராங்கு மிச்சமின்றி அடைத்த நேர்மையும் போலியன்று. உண்மையான கழுத்தணி இப்போது தோழியின் பெட்டியில் இருக்கிறது. அதை அவள் திருப்பித் தருவாளா? மத்தில்டு வீட்டுக்குப் போய்க் கணவனிடம் என்ன சொல்வாள்? பத்தாண்டுகளாகத் தன்னோடு நுகம் இழுத்த அந்த எளிய மனிதன் அழுவானா, சிரிப்பானா? மனிதரைப் பற்றிய கேள்விகள் எல்லாம் அந்த வரிக்கு அப்பால் நிற்கின்றன. நகையின் மதிப்பைச் சொன்னவுடன் தம் வேலை முடிந்தது என்று எழுந்துவிடும் நகைக்கடைக்காரரைப் போல ஆசிரியர் எழுந்துவிடுகிறார்.

‘நகைகள்’ அவ்வாறன்று. ஆகவே புகழில் குறைந்த அந்தக் கதையையே நாம் உயர்வாக மதிக்கிறோம். ஆண்டுக்கு 3,500 பிராங்கு ஊதியம் பெறும் லாந்தேன் என்னும் எழுத்தரின் மனைவி இனியவள், சிக்கனமாய் இல்லம் நடத்துபவள். நாடக அரங்கும் போலி நகைகளும் மட்டுமே அவளது பித்து. அவள் திடீரென இறந்துபோகிறாள். வறுமையுற்ற கணவன், போலியென்றே இத்தனை காலம் எண்ணியிருந்த ஒரு கழுத்தணியை விற்கப் போகிறான். அது மெய்யான வைரம். திருமதி லாந்தேன் முகவரிக்கு 25,000 பிராங்குக்கு விற்றது தாமே என்று ஒரு கடைக்காரர் பேரேட்டைப் புரட்டிக் காட்டுகிறார். ஓர் எழுத்தரின் மனைவிக்கு அதைக் கொடுத்தது யார்? ஆசிரியர் சொல்வதில்லை; சொல்லவும் வேண்டியதில்லை.

இங்கே நகை மெய், இல்லறம் பொய். முன்கதையைத் தலைகீழாக நிறுத்தியது போலும்! ஆனால் நாம் வியப்பது அதனையன்று. உண்மை வெளிப்பட்ட மறுநாளை இக்கதையில் ஆசிரியர் எழுதிக் காட்டுகிறார். லாந்தேன் வெட்கத்தால் குன்றிக் கடைவாயிலுக்கு எதிரே பலமுறை போவதும் வருவதுமாக இருக்கிறான். பசி அவனை உள்ளே தள்ளுகிறது. முதல் நகையை விற்கும்போது நடுங்கிய கை, அடுத்தவற்றை விற்கும்போது பேரம் பேசத் தொடங்கிவிடுகிறது. மொத்தம் 196,000 பிராங்கு. மாலைக்குள் வேலையை விட்டுவிட்டுப் பரம்பரைச் சொத்து வந்ததெனப் பொய் சொல்கிறான். சொல்லச் சொல்ல அத்தொகையும் வளர்கிறது. மனைவி மறைத்த பொய்யின் பங்காளியாகத் தானே கையெழுத்திட்டு விடுகிறான். ஆறு மாதத்தில் மறுமணம் செய்துகொள்கிறான். இரண்டாம் மனைவி கற்பில் குறையற்றவள். ஆயினும் அவளது குணம் அவனுக்கு நிம்மதி தரவில்லை. (இந்தக் கடைசிக் குத்தல் பெண்களைப் பற்றிய ஆசிரியரின் பொதுவான ஏளனம்; அதை நாம் ஏற்பதற்கில்லை.)

ஹென்றி ஜேம்ஸ் என்னும் அமெரிக்க ஆசிரியர் 1899இல் ‘பேஸ்ட்’ என்று ஒரு கதை எழுதி, மாப்பசானின் ‘கழுத்தணி’யைத் திருப்பிப் போட்டதே இது என்று பின்னாளில் தம் முன்னுரையில் கூறினார். நாம் படித்த அளவில் அதற்கு நெருங்கிய உறவு ‘நகைகள்’தான். அதுவும் இறந்துபோன ஒரு பெண்ணின் முத்துகளைப் பற்றியது. இறந்தவர்களிடம் ஏன் என்று கேட்க முடியாது. இக்கதைகளின் இருள் முழுவதும் அதனால் வருவதே. நம் அறைவீட்டில் அமர்ந்திருந்த பெண்ணுக்கோ அந்நிலை இல்லை. மாப்பிள்ளை பத்துக் கிலோமீட்டர் தொலைவில் உயிரோடு இருந்தார். அவரிடம் கேட்டாயா என்றோம். இல்லை என்றார். தாய்மாமனும் கேட்கவில்லை. கேட்டது கடைக்காரரை மட்டுமே.

மோதிரத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவது இங்கே பயன்தரும். மணம் பேசப்பட்ட பெண்ணுக்குக் கல் பதிக்காத இரும்பு மோதிரத்தை அனுப்பும் வழக்கம் தம் காலத்திலும் நீடித்ததாக முதல் நூற்றாண்டு உரோமையரான பிளினி எழுதியுள்ளார். கிறித்தவ மரபில் திருத்தந்தை முதலாம் நிக்கோலாஸ், 866இல் பல்கேரியருக்கு விடுத்த மறுமொழியில், மண உறுதியின்போது மணமகன் நம்பிக்கையின் அடையாளமாக மோதிரம் அணிவிப்பதைக் குறிப்பிடுகிறார். இலத்தீனில் அதற்கு ‘அர்ரா’ என்று பெயர்; நம் சந்தை மொழியில் அச்சாரம். தூய பவுல் தூய ஆவியாரைக் குறிக்க ஆளும் சொல்லும் இதன் உறவுச் சொல்லே. அதே மறுமொழியில் அத்திருத்தந்தை மேலும் ஒன்று சொல்கிறார்: வறுமையால் பலர் நெருக்கப்படுவதால், மோதிரம் முதலிய சடங்குகள் இல்லாமற் போனாலும் பாவமில்லை, இருவரின் சம்மதமே போதும். அச்சாரத்தின் தொகை சிறிதாயிருக்கலாம், இல்லாமலும் போகலாம். செல்லாத காசை அச்சாரமாகக் கொடுப்பது வேறு செய்தி.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது என்கிறது. துணைவரின் ஒரு பண்பைக் குறித்து, மணவாழ்வையே கடுமையாகக் குலைக்கத்தக்க வகையில், சம்மதம் பெறும்பொருட்டு வஞ்சித்தால் அம்மணம் செல்லாது என்று 1098ஆம் விதி கூறும். மோதிரத்தின் விலை ஒருவரின் பண்பாகாது என்பது தெளிவு. ஆனால் மண உறுதி கொடுத்துவிட்ட காரணத்தாலேயே திருமணத்தை நடத்தியாக வேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்தும் உரிமையில்லை என்பதும் (விதி 1062) அதே அளவு தெளிவு. இவ்விரண்டையும் அப்பெண்ணிடம் சொன்னோம். உனக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அதைப் பயன்படுத்துமுன் அவரைக் கேள் என்றோம்.

கேட்டாயிற்று. தங்கையின் திருமணக் கடன் அடைபடவில்லை. ஊரார் முன் வெறுங்கையோடு நிற்க நாணம். திருமணத்துக்குள் நல்ல மோதிரமாக மாற்றிவிடலாம் என்ற எண்ணம். மாப்பிள்ளை சொன்னவை இவ்வளவே. லுவாசேல் தம்பதியர் சொல்லாமல் விழுங்கிய அதே ஒரு வாக்கியம்! அதைச் சொல்லியிருந்தால் மத்தில்டுவுக்குப் பத்தாண்டும் மிஞ்சியிருக்கும், இவருக்கு நான்கு மாதமும் மிஞ்சியிருக்கும். தாய்மாமன் மட்டும், இப்போது சொல்வதுதான் பொய்யோ என்னமோ என்றார். அக்கேள்வியை அவர் கேட்டது நல்லதே. பிடிபட்ட பின் வரும் உண்மைக்கு எடை குறைவு.

இங்கே சோமர்செட் மாம் எழுதிய ஒரு கதை நம் நினைவுக்கு வந்தது. 1936இல் வெளிவந்த அவரது ‘காஸ்மோபாலிட்டன்ஸ்’ தொகுப்பில் உள்ள ‘எல்லாம் தெரிந்தவர்’ என்னும் கதை. கப்பலில் பயணம் செய்யும் கெலாடா என்னும் முத்து வணிகர் ஓயாது பேசுபவர்; எவருக்கும் அவரைப் பிடிக்காது. உடன் பயணிக்கும் திருமதி ராம்சேயின் முத்துமாலை மிக உயர்ந்தது என்கிறார் அவர். 18 டாலருக்கு வாங்கிய போலி என்கிறான் கணவன். நூறு டாலர் பந்தயம். மாலையை ஆராயும் வணிகர் வாய் திறக்கப்போகும் நொடியில் அப்பெண்ணின் அச்சம் நிறைந்த முகத்தைப் பார்த்துவிடுகிறார். தாமே தவறிவிட்டதாகச் சொல்லிப் பணத்தைக் கொடுத்து, எல்லாருடைய கேலியையும் ஏற்றுக்கொள்கிறார். மறுநாள் காலை கதவின் அடியில் ஓர் உறை. உள்ளே நூறு டாலர்.

தூய அகுஸ்தினார் எந்தப் பொய்யையும் பொறுக்க மாட்டார். தூய தாமஸ் அக்குவினாரோ பிறர்க்கு உதவும் பொய்யைப் பாவமென்றே கொண்டாலும் அதன் கடுமையைக் குறைத்து மதிப்பிடுவார். நம் வள்ளுவரோ குற்றமற்ற நன்மை விளையுமாயின் இன்னும் ஒருபடி இறங்கி வருவார். கெலாடா சொன்னது பொய். ஆயினும் தம் தொழிற்பெருமையை விலையாகக் கொடுத்துச் சொன்ன பொய். நகைக்கதைகளில் எடைபோடும் கண்ணால் ஒரு முகத்தைப் பார்த்த ஒரே கடைக்காரர் அவரே. அதனால் மாமின் கதையை மாப்பசானின் இரண்டுக்கும் மேலாக வைக்க நம் உள்ளம் விரும்புகிறது, அறிவு தடுக்கிறது. அந்த இரக்கம் மனைவியைக் காத்தது. கணவனை அறியாமையில் விட்டது. நூறு டாலர் திரும்பி வந்தது கெலாடாவுக்குத்தான். ராம்சேக்குக் கதையில் மறுநாள் என்று ஒன்று இல்லவே இல்லை. நாமும் அந்தப் பெண்ணிடம், ‘கடைக்காரர் தவறிவிட்டார், மகளே’ என்பது போன்ற ஓர் இனிய சொல்லைத் தேடினோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். நல்லவேளை, கிடைக்கவில்லை.

மூன்றாம் ஓலை அந்த ஞாயிறன்று வாசிக்கப்படவில்லை. ஊரில் பலவாறு பேசினார்கள். ஏழு வாரம் கழித்து அப்பெண் தனியே வந்து வாசிக்கச் சொன்னார். இடையில் இருவரும் என்ன பேசினார்கள் என்று நாம் கேட்கவில்லை. திருமணத்தில் மந்திரித்த மோதிரங்கள் வெள்ளி. மாப்பிள்ளை அவற்றோடு கடை ரசீதையும் சேர்த்துப் பெண்ணிடம் கொடுத்தார் என்று தாய்மாமன் பந்தியில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.